லிஃப்ட் மாமா வந்த மூன்று நாள்

மாமா வருகிறார் என்று தெரிந்ததும் அவள் முதலில் செய்த காரியம் ஒரு பட்டியல் போட்டதுதான். முதல் நாள் காலை பெரிய சதுக்கம், மதியம் அருங்காட்சியகம், சாயங்காலம் குன்றின் மேலிருக்கும் கோட்டை. இரண்டாம் நாள் பல்கலைக்கழகம், பூங்கா, கடைவீதி. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஆற்றில் படகு, மத்தியானம் ரயில். மூச்சுவிட நேரமில்லாத பட்டியல். அதில் ஒரே ஒரு இடம் மட்டும் இல்லை. அவள் இரண்டு வருடமாகக் காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்து தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருக்கும் ஆய்வுக்கூடம். அதற்குக் காரணம் இருந்தது.

மாமா அவளுடைய அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ஒன்றுவிட்ட மாமாக்கள் ஏகப்பட்ட பேர் இருந்ததால் அடையாளத்துக்காகக் குழந்தைகள் அவரை லிஃப்ட் மாமா என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் பெரியவர்களும் அப்படியே சொல்லும்படி ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் போனால், மண்டபத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று விசாரித்து அதைப் பார்த்துவிட்டுத்தான் மணமக்களைப் பார்க்கப் போவார். முப்பத்தொரு வருடமாக ஒரே கம்பெனி. பயிற்சிக்காகக் கம்பெனி ஏழு பேரை வெளிநாட்டுக்கு அனுப்பியதில் அவரும் ஒருவர். பயிற்சி நடந்த ஊர் அவள் படிக்கும் ஊரிலிருந்து ஐந்து மணி நேர ரயில் பயணம். மற்ற ஆறு பேரும் நேராக வீடு திரும்ப, இவர் மட்டும் மூன்று நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு அக்கா மகளைப் பார்க்க வந்தார்.

அவளை இவ்வளவு தூரம் படிக்க அனுப்பியதிலும் அவர் பங்கு இருந்தது. அம்மா மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வந்து உட்கார்ந்து, "அனுப்பு அக்கா, அது போய் ஜெயிச்சுட்டு வரும்" என்று கரைத்தவர் அவர்தான்.

அதெல்லாம் அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் இங்கே வந்த புதிதில், ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஒருத்தியின் அப்பா மருத்துவர், இன்னொருவனின் அக்கா வழக்கறிஞர் என்று வந்த வரிசையில், தன் முறை வந்தபோது அவள் வாயிலிருந்து "என் மாமா பொறியாளர்" என்று வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. சொன்ன மறு நிமிடமே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. பிறகு அது அப்படியே நின்றுவிட்டது. அதனால் மாமா ரயிலில் இருந்து இறங்கி, வாயெல்லாம் பல்லாக, "உன் லேபை எப்பக் காட்டப் போறே பாப்பா?" என்று கேட்டபோது, இந்த வாரம் பூட்டியிருக்கிறது, வெள்ளையடிக்கிறார்கள் என்று கண்ணிமைக்காமல் சொன்னாள்.

முதல் நாள் பட்டியல்படி நடந்தது. சதுக்கத்தில் மாமா சொன்ன இடத்தில் நின்றார், சொன்ன பக்கம் பார்த்தார், போட்டோ எடுக்கும்போது சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். அருங்காட்சியகத்தில் அவள் ஒவ்வொரு ஓவியத்துக்கும் விளக்கம் சொன்னாள். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தேடிப் போனால், ஓவியப் பெட்டிகளை ஏற்றிச்செல்லும் சரக்கு லிஃப்ட்டின் முன்னால் நின்று அதன் கதவு மூடுவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவலாளி அவரைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மாமா சிரித்தார். பயிற்சி என்று பெயர், பதினைந்து நாளும் இருட்டு அறையில் உட்கார வைத்துத் திரையில் படம் காட்டினார்களே தவிர ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட விடவில்லை, கை நமநமவென்கிறது என்றார்.

இரண்டாம் நாள் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆய்வுக்கூடக் கட்டடத்தை வெளியிலிருந்தே காட்டினாள். மாமா நான்காவது மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்து, "எது உன் ஜன்னல்?" என்று கேட்டார். இடதுபக்கம் மூன்றாவது என்றாள். அதை மட்டும் தனியாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். தெரிந்தவர் யாராவது எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவசரமாக நடையைக் கட்டி, பக்கத்தில் இருந்த நூலகத்துக்குள் கூட்டிப்போனாள்.

அங்கேதான் மாமா அந்த லிஃப்ட்டைப் பார்த்தார்.

ஐந்து மாடி நூலகம். நடுவில் மாடிப்படி சுற்றிச் சுற்றிப் போக, அதன் மையத்தில் இரும்புக் கம்பி வலைக்குள் ஏறி இறங்கும் பழைய லிஃப்ட். அவள் ஒருநாள்கூட அதை நின்று பார்த்ததில்லை. அவளைப் பொறுத்தவரை அது மெதுவாக வரும் லிஃப்ட், அவ்வளவுதான். மாமா மேல்தளம் வரைக்கும் ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கினார். ஏறும்போது பலகைச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கீழே வந்தபோது, கையில் எண்ணெய்த் துணியும் தோளில் கருவிப் பையுமாக ஒருவர் வெளியே காத்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, நீல மேல்சட்டை. அந்த லிஃப்ட்டைப் பராமரிக்கும் மெக்கானிக்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அறிமுகமே தேவைப்படவில்லை. மாமா தன் விரல் நகங்களுக்கு அடியில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட கறுப்பைக் காட்டினார். மீசைக்காரர் தன்னுடையதைக் காட்டினார். அப்புறம் இருவரும் சிரித்துவிட்டார்கள்.

மாமா அவளைக் கூப்பிட்டார். மூன்றாவது மாடியைத் தாண்டும்போது ஒரு சின்ன உதறல் இருக்கிறது, கைடு ஷூ தேய்ந்திருக்கும் என்று சொல்லச் சொன்னார். கைடு ஷூ என்றால் லிஃப்ட் பெட்டி இரண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நகர உதவும் பட்டை. அதற்கு இந்த ஊர் மொழியில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகங்களுக்கெல்லாம் பெயர் தெரியும், இது தெரியவில்லை. தட்டுத்தடுமாறி ஏதோ சொன்னாள். மீசைக்காரருக்குப் புரியவில்லை. மாமாவே குந்தி உட்கார்ந்து, ஒரு கையைத் தண்டவாளமாகவும் இன்னொரு கையைப் பட்டையாகவும் வைத்து, உதறிக் காட்டினார். மீசைக்காரரும் எதிரில் குந்தி உட்கார்ந்தார். தலையை வேகவேகமாக ஆட்டினார். தனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு என்று அவளிடம் சொன்னார். இங்கே இருபது வருடமாகத் தனியாகத்தான் இதைப் பார்த்துக்கொள்கிறேன், இதைப் பற்றிப் பேச ஒரு ஆள் வந்ததே இல்லை என்றும் சொன்னார். பிறகு எழுந்து நின்று, நாளைக்கு எனக்கு விடுமுறை என்றாலும் காலை ஒன்பது மணிக்கு வருகிறேன், உங்கள் மாமாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மேலே மோட்டார் அறையைத் திறந்து காட்டுகிறேன் என்றார். மாமாவுக்கும் புரியட்டும் என்று, ஒரு கையில் ஐந்து விரலும் இன்னொரு கையில் நான்கு விரலும் விரித்துக் காட்டி, மேலே கூரையைச் சுட்டினார்.

அந்த நேரம் பார்த்து நூலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவளுடைய பேராசிரியர் வந்துகொண்டிருந்தார். கூடவே ஆய்வுக்கூடத் தோழி. இரண்டு பேரும் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

அவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமாவின் பேன்ட் முட்டியில் தரையின் தூசி ஒட்டியிருந்தது. கையில் எப்படியோ எண்ணெய் ஆகியிருந்தது.

"என்னமோ ஒன்பதுன்னு காட்டறாரே, என்ன சொல்றார் பாப்பா?" என்றார் மாமா.

"ஒன்பது பேர் ஏறலாமாம் மாமா. அவருக்கு வேலை இருக்காம். வாங்க, நாம கிளம்பலாம்."

மாமா அவளைப் பார்த்தார். பிறகு மீசைக்காரரைப் பார்த்தார். "ஓ" என்றார். மீசைக்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். மீசைக்காரர் அவளிடம் திரும்பி, வருவீர்கள்தானே என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல் இருந்தது. ஆனால் மனிதர் அதை ஆமாம் என்றுதான் எடுத்துக்கொண்டார். பக்கவாட்டுக் கதவு வழியாக அவள் மாமாவை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பூங்காவில் மாமா அதிகம் பேசவில்லை. கால் வலிக்கிறதா என்று கேட்டாள். கொஞ்சம் என்றார்.

மறுநாள் காலை படகு. நல்ல வெயில். மேல்தளத்தில் முன்வரிசையில் இடம் கிடைத்துவிட்டது, அதில் அவளுக்குப் பெரிய திருப்தி. ஒவ்வொரு பாலமாக வந்தது, ஒவ்வொன்றையும் யார் கட்டினார்கள் என்று படித்து வைத்ததை ஒப்பித்தாள். மாமா கேட்டுக்கொண்டார். "அப்படியா" என்று சரியான இடங்களில் சொன்னார். நடுவில் இரண்டு மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரம் இருக்கிறது மாமா, கவலைப்படாதீர்கள் என்றாள். அவர் சட்டைக் கையைக் கடிகாரத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ரயில் நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் நின்றாள். மாமா, "நல்லா சுத்திக் காட்டினே பாப்பா. உங்கம்மாகிட்டச் சொல்றேன், பிள்ளை இந்த ஊரையே கையில வச்சிருக்குன்னு" என்றார். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், ரயில் நகர்ந்ததும் அப்பாடா என்றும் இருந்தது. யாரிடமும் மாட்டிக்கொள்ளாமல் மூன்று நாளும் ஒழுங்காக ஓடிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனாள். லிஃப்ட்டின் கதவு திறந்திருந்தது. மீசைக்காரர் உள்ளே மண்டியிட்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. உங்கள் மாமாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டதா என்றுதான் முதலில் கேட்டார்.

இல்லை, ஊருக்குப் போய்விட்டார், நேரம் இல்லாமல் போய்விட்டது என்றாள்.

பரவாயில்லை என்றார். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே வந்து மோட்டார் அறையைப் பெருக்கி, பிரேக்கின் மூடியைக் கழற்றி வைத்து, உள்ளே எல்லாம் நன்றாகத் தெரிகிற மாதிரி விளக்கு மாட்டி வைத்ததாகச் சொன்னார். எத்தனை மணி வரைக்கும் இருந்தீர்கள் என்று அவள் கேட்டாள். கேட்டிருக்கக்கூடாது. பதினொன்று வரைக்கும் என்றார். வழி தெரியாமல் சுற்றுகிறாரோ என்று நடுவில் இரண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்தாராம். பிறகு, முக்கியமான விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டவர்போல, உங்கள் மாமா சொன்னதுதான் சரி, மூன்றாவது மாடியில் உதறியது அந்தப் பட்டைதான், ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது, மாற்றிவிட்டேன், அவரிடம் சொல்லுங்கள் என்றார்.

அவள் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. மத்தியானம் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். மாமா சாப்பாட்டு நேரத்தில் இருப்பார் என்று கணக்குப் போட்டுக் கூப்பிட்டாள். பட்டையை மாற்றிய செய்தியைத்தான் முதலில் சொன்னாள். மாமா சந்தோஷப்பட்டார். எனக்கு அப்பவே தெரியும் என்றார். அதற்குப் பிறகு அவள் மற்றதைச் சொன்னாள். அவர் மோட்டார் அறையைக் காட்டக் கூப்பிட்டார், தனக்கு லீவாக இருந்தும் காலை ஒன்பது மணிக்கு வரச்சொன்னார், நான்தான் உங்களிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று மென்று முழுங்கிச் சொல்லி முடித்தாள்.

"தெரியும் பாப்பா" என்றார் மாமா.

"எப்படி மாமா?"

"அந்த லிஃப்ட்டுல ஆறு பேர்தான் ஏறலாம். உள்ளேயே தகடு அடிச்சிருக்கு. அதைப் படிக்காம நான் எந்த லிஃப்ட்டுலயும் ஏற மாட்டேனே. அப்போ ஒன்பதுன்னா மணிதான், மேலே கைகாட்டினா மோட்டார் ரூம்தான்."

ஏன் அப்போதே கேட்கவில்லை என்று கேட்டாள்.

"கேட்டா உனக்குத்தானே சங்கடம். கதவுப் பக்கம் யாரோ வந்தாங்க, உன் முகம் வெளுத்துப் போச்சு. அதை நான் பார்த்தேன். நான் அங்க இருக்கிறது உனக்கு இடைஞ்சல்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு நோண்டணும்?" என்றார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "என்னை விடு. அந்த மனுஷன் காத்துக்கிட்டு இருப்பாரேன்னுதான் எனக்கு மனசு அடிச்சுக்கிச்சு. வேற ஒருத்தர் நமக்காக லீவு நாள்ல வந்து நிக்கிறார். வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

எவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்டார். பதினொன்று என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம்தான் மாமா என்றாள். அது இன்னொரு பொய்.

அவள் சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாளே மீசைக்காரரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, வாருங்கள் என்றார். ஐந்தாவது மாடிக்கு மேல் ஒரு குறுகிய இரும்பு ஏணி. அதன் உச்சியில் மோட்டார் அறை. பச்சை வண்ணம் பூசிய பெரிய மோட்டார், அதன் மேல் சக்கரம், சக்கரத்தின் பள்ளங்களில் எண்ணெய் மினுங்கும் கம்பி வடங்கள். கீழே யாரோ பொத்தானை அழுத்த, பிரேக் 'டக்' என்று விரிந்து சக்கரம் சுழன்றது. அவள் செல்போனில் படம் பிடித்தாள். மீசைக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி விளக்கினார். பாதிக்குமேல் அவளுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது அவருக்கும் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டுச் செல்போனைப் பார்த்துப் பேசினார்.

மாமா அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தாரோ தெரியாது. மறுநாள் ஏழு நிமிடத்துக்கு ஒரு குரல் பதிவு வந்தது. கையைப் பார்த்தாலே என்ன சொல்கிறார் என்று தெரிகிறது, நீ ஒன்றும் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று சிரித்தார். வீடியோவில் சத்தம் சரியாக விழவில்லை, பக்கத்தில் நின்று கையை வைத்துப் பார்த்தால்தான் மோட்டார் எப்படி இருக்கிறது என்று தெரியும் என்றும் சொன்னார். பிறகு மூன்று கேள்வி கேட்டிருந்தார். அவள் போய் மீசைக்காரரிடம் கேட்டு, பதிலைப் படம் பிடித்து அனுப்பினாள். அதற்கு அவரிடமிருந்து மாமாவுக்கு ஒரு கேள்வி. மாமா தன் வேலையிடத்தில் ஒரு மோட்டாரின் மேல் கையை வைத்துக்கொண்டு பதில் சொல்லி அனுப்பினார். ஒரு மாதத்துக்கு இப்படிப் போயிற்று. இரண்டு பக்கமும் உற்சாகம். நடுவில் ஓடியவளுக்கும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

அதற்குள் ஆய்வறிக்கை கழுத்தைப் பிடித்தது. இரண்டு சோதனைகள் தப்பாகி, முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில் மாமா இன்னொரு கேள்வி அனுப்பியிருந்தார். பிரேக்கைப் பிரித்து வேலை செய்யும்போது, லிஃப்ட் பெட்டிக்கு ஈடாக வடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடையை அவர் எப்படித் தாங்கவைக்கிறார், நாங்கள் ஒரு மாதிரி செய்கிறோம், அவர் முறை வேறாக இருக்கும்போலத் தெரிகிறது, கேட்டுச் சொல் பாப்பா என்று. கேட்கிறேன் மாமா என்று பதில் போட்டாள். அந்த வாரம் நேரமில்லை. அடுத்த வாரமும் இல்லை. நூலகத்துக்கே போகவில்லை. பிறகு ஒருமுறை அவசரமாக ஒரு புத்தகம் எடுக்கப் போனபோது லிஃப்ட் பக்கம் மீசைக்காரரின் நீலச் சட்டை தெரிந்தது. நின்றால் அரை மணி நேரம் போய்விடும் என்று படியேறிப் போனாள்.

ஆய்வறிக்கையைக் கொடுத்துவிட்டு நிதானமாக அவள் போனபோது லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஆள். மீசைக்காரரை ஊரின் மறுகோடியில் ஏதோ மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்களாம். எந்த மருத்துவமனை என்று புதியவருக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் கேளுங்கள் என்று ஒரு எண் கொடுத்தார். அவள் எழுதி வைத்துக்கொண்டாள். பட்டமளிப்பு, வேலைக்கான நேர்காணல், அறையைக் காலி செய்வது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அந்த எண்ணுக்கு அவள் கூப்பிடவே இல்லை.

பட்டமளிப்புக்கு மாமாவை வரச்சொல்லிக் கேட்டாள். வந்தால் ஆய்வுக்கூடத்தைக் காட்டுவேன், எல்லோரிடமும் அறிமுகம் செய்து வைப்பேன் என்றாள். மாமா, கம்பெனி அனுப்பித்தான் ஒரு தடவை வர முடிந்தது, திரும்பத் திரும்ப யார் அனுப்புவார்கள், அம்மாவைக் கூப்பிட்டுக்கொள் என்றார். அம்மா வந்தாள்.

அதற்குள் அவள் தோழியிடம், என் மாமா பொறியாளர் இல்லை, லிஃப்ட் மெக்கானிக், மூன்று நாள் இங்கே வந்துகூட இருந்தார் என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். தோழி சாண்ட்விச்சைக் கடித்தபடி, அப்படியா, எங்கள் வீட்டு லிஃப்ட் மாதத்துக்கு ஒருமுறை நின்றுவிடும், அவர் வந்திருந்தபோது சொல்லியிருந்தால் காட்டியிருப்பேனே என்றாள். அவ்வளவுதான். இத்தனை நாள் எதைப் பயந்து ஒளித்தாளோ, அது ஒரு வாய் சாண்ட்விச்சோடு முடிந்துபோயிற்று.

எதிர் எடையைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போனதை அவள் மாமாவிடம் ஒருமுறை எடுத்தாள். அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார் மாமா, தேடிப் பார்க்கிறேன் என்றாள். "பரவாயில்ல பாப்பா, நீ உன் வேலையைப் பாரு" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் லிஃப்ட்டைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வாரா வாரம் பேசுகிறார்கள். சாப்பிட்டாயா என்கிறார், குளிர் எப்படி என்கிறார், உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறார். அவளும் சரி மாமா, சரி மாமா என்கிறாள்.